நான்காவது செருகல்

அந்த ஆய்வுக்கூடத்தில் பொய் எழுதுவது ஆவுடையம்மாளின் வேலை. பதினோரு வருஷமாக ஒருவரும் குறை சொல்ல முடியாதபடி அதைச் செய்துவந்தாள்.

சிவகிரிக்கு மேற்கே, மலை எழும்பத் தொடங்குகிற இடத்தில், பூமிக்கடியில் நீளமாகக் கிடந்தது, அணுக்களை விரட்டி மோதவிடுகிற முடுக்கி. மேலே நாலு கட்டடம், ஒரு கேன்டீன், வரிசையாக வேம்பு. புதிதாக வந்த இயக்குநர் நல்லசிவம் உலோகவியல்காரர். முதல் வாரம் ஒவ்வொரு அறையாகப் போய், தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆவுடையின் அறைக்கு வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏம்மா, குரோமியத்தை க்யூரியம் தகடு மேல மாசக்கணக்கா அடிக்கிறீங்க. ஒட்டிக்கிச்சுன்னு எப்படித் தெரியும்?"

"இருபத்து நாலும் தொண்ணூற்று ஆறும் ஒட்டினா நூற்று இருபது சார். உலகத்துல இதுவரைக்கும் யாரும் பாக்காத தனிமம். கோடானுகோடி மோதல்ல ஒண்ணு ஒட்டுனா உண்டு. ஒட்டினாலும் நிக்காது. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள உடைஞ்சிரும்."

"அப்புறம் எதைப் பாப்பீங்க?"

"அதோட பிள்ளைகளைப் பாக்கோம். அது ஒரு ஆல்ஃபாத் துகளைத் துப்பிட்டு நூற்றுப் பதினெட்டா மாறும். அது இன்னொண்ணைத் துப்பி நூற்றுப் பதினாறு. அதுல இருந்து கீழ வாரது எல்லாம் ஏற்கெனவே தெரிஞ்ச ஆளுங்க சார். எவ்வளவு ஆற்றலோட துப்பும், எவ்வளவு நேரம் இருக்கும்னு அட்டவணையே இருக்கு. பேரன் இன்னாருன்னு அடையாளம் தெரிஞ்சா, தாத்தா யாருன்னு சொல்லிரலாம்லா?"

"சரிதான், சம்பந்தம் பேசப் போறவங்க மாதிரி." இயக்குநர் சிரித்தார். "இதுல உங்க பங்கு?"

"நான் பொய்க் குடும்பங்களைச் சேக்கேன்."

அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விளக்கினாள். வருஷக்கணக்காக ஒன்றையே எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறவன் கண்ணுக்கு அது இல்லாத இடத்திலும் தென்படும். இருக்கிற இடத்தில் அசட்டையாகத் தாண்டிப் போகவும் செய்வான். அதற்காக ஒரு ஏற்பாடு. உண்மைத் தரவுக்கு நடுவே, கணினியிலேயே தடம் இல்லாதபடி, சில போலிச் சங்கிலிகளை ஒருத்தி செருகிவைப்பாள். பழைய ஏடுகளில் இடைச்செருகல் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போமே, அந்த மாதிரி. பகுப்பாய்வு செய்கிறவர்கள் ஒரு சங்கிலியைக் கண்டுபிடித்தால் திங்கட்கிழமைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் வைக்க வேண்டும். ஆவுடை எழுந்து, என்னுது என்பாள், அல்லது என்னுது இல்லை என்பாள். அவ்வளவுதான்.

"நீங்க சொல்றதுதான் முடிவா? சரிபார்க்க வேற ஆள் இல்லையா?"

"முடுக்கி ஓடுற பருவம் தொடங்குறதுக்கு முன்னாலயே செருகல் பட்டியல் எழுதிருவேன் சார். ஒரு நகல் இயக்குநர் பீரோவுல, முத்திரை வச்சு. இந்தப் பருவத்து நகலை உங்ககிட்டதான் கொடுக்கணும்."

"ஐயோ, எனக்கு எதுக்கும்மா? நான் ஓட்டை வாய். எங்கயாவது உளறிக் கொட்டிருவேன். உங்களை நம்பாம வேற யாரை நம்பப் போறோம்? நீங்களே வச்சுக்குங்க."

நல்ல மனசோடுதான் சொன்னார். இரண்டு பூட்டில் ஒரு பூட்டு அப்படித்தான் கழன்றது.

பொய் எழுதுகிற ஆளுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. அவள் எதையும் கண்டுபிடிக்கக் கூடாது. கட்டுரையில் பெயர் வரும், நாற்பது பேருக்கு நடுவே. கண்டுபிடிப்பு, பகுப்பாய்வு செய்கிற எஸ்தருக்கு.

எஸ்தரும் ஆவுடையும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். பயிற்சி விடுதியில் ஒரே அறை. இருபத்து நாலு வருஷம் ஆகிவிட்டது. எஸ்தர் மேசையில் தேடினால் போன வருஷத்து பஸ் டிக்கெட் கிடைக்கும். கூட்டத்துக்குப் பேனா கொண்டுவர மாட்டாள்; ஆவுடையின் பேனாவை வாங்கி எழுதி, மூடியைக் கடித்துத் திருப்பித் தருவாள். ஆனால் கண் இருந்தது. உணர்கருவியில் ஆற்றல் அளவு மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டிருந்ததை ஆவுடை எட்டு மாசம் அட்டவணை போட்டுக் கண்டுபிடித்தாள். அறிக்கையை எடுத்துக்கொண்டு கேன்டீனுக்குப் போனால், எஸ்தர் வடையைப் பிய்த்துக்கொண்டே, "ஏட்டி, அந்த ஏழாவது பட்டை சாயங்காலத்துல கொஞ்சம் சோம்பலா இருக்கு, பாத்தியா? ஏசி நிறுத்துறாங்கள்ல, அதனாலயா இருக்கும்" என்றாள். எட்டு மாசம் ஒரு வடைக்குள் முடிந்துபோயிற்று. எல்லாரும் எஸ்தரின் தோளைத் தட்டினார்கள். ஆவுடை அறிக்கையைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். எஸ்தருக்கு அப்படி ஒரு அறிக்கை இருந்ததே இன்றுவரை தெரியாது.

வெறுத்தாளா என்றால் இல்லை. எஸ்தருக்குக் காய்ச்சல் என்றால் ஆவுடைதான் ரசம் வைத்துக்கொண்டு போவாள். ஆனால் யாராவது எஸ்தரைப் பாராட்டினால் அடிவயிற்றில் ஒன்று சுருண்டு எழும்பும். அதற்குப் பெயர் என்ன என்று அவளுக்குத் தெரியும். எதற்கும் சரியான பெயர் வைத்துப் பழகியவள் அவள்.

அந்தப் பருவத்தில் மூன்று செருகல் போட்டிருந்தாள். கோட்பாட்டுக்காரர்கள் எதிர்பார்த்த எண்களை ஒட்டியே. நூற்று இருபதின் முதல் ஆல்ஃபாவுக்கு ஆற்றல் பதின்மூன்று புள்ளி ஒன்று, ஆயுள் நுண்வினாடிகளில். எஸ்தர் மூன்றையும் பிடித்துவிட்டாள். மூன்று திங்கட்கிழமையும் ஆவுடை எழுந்து "என்னுது" என்றாள். எஸ்தர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள்.

மாசி மாசம், ஒரு வியாழக்கிழமை, காலை பத்து நாற்பது. எஸ்தர் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள். செருப்புகூடப் போட்டிருக்கவில்லை.

"ஆவுடை, நீ ஒண்ணும் சொல்லாத. ஆமான்னும் சொல்லாத, இல்லன்னும் சொல்லாத. சும்மா பாரு."

"ஏட்டி, திங்கக்கிழமைக்கு முன்னால என்கிட்ட காட்டக் கூடாதுட்டி. முறை இருக்கு."

"முறையைத் தூக்கி உடைப்புல போடு. பாரு."

ஒரு தாளை மேசைமேல் விரித்தாள். முதல் ஆல்ஃபாவின் ஆற்றல் பன்னிரண்டு புள்ளி ஆறு நாலு. ஆயுள் மூன்று புள்ளி ஒன்று மில்லிவினாடி. அதற்குக் கீழே நூற்றுப் பதினெட்டு. அதற்குக் கீழே பதினாறு, பதினாலு, பன்னிரண்டு, ஒவ்வொன்றும் அட்டவணையில் இருக்கிறபடியே. கடைசியில் நூற்றுப் பத்து இரண்டாகப் பிளந்துபோனது. எல்லாம் உணர்கருவியின் ஒரே புள்ளியில். நடுவில் ஒரு ஆல்ஃபா முழுசாகப் பதியாமல் வெளியே தப்பியிருந்தது. ஒரு துளி ஆற்றல் மட்டும் தங்கியிருந்தது.

ஆவுடை அந்தச் சங்கிலியை எழுதவில்லை.

"ஆற்றல் குறைச்சல். ஆயுசு நூறு மடங்கு கூட. ஒருத்தரும் இப்படி எதிர்பாக்கல" என்றபடி எஸ்தர் அறைக்குள் நடந்தாள். "திங்கக்கிழமை நீ சொல்லுறதுக்கு முன்னாலயே எனக்குத் தெரியும்டி. இது உன்னுது இல்ல."

"எப்படிச் சொல்லுத?"

"உன் செருகல் எல்லாம் பாத்த உடனே தெரிஞ்சிரும். பாடப்புஸ்தகம் மாதிரி இருக்கும். இப்படியெல்லாம் உன்னால யோசிக்க முடியாதுட்டி!"

அவள் சந்தோஷத்தில் சொன்னாள். துளி விஷம் இல்லை. அதுதான் தாங்கவில்லை. வேண்டுமென்றே குத்தியிருந்தால் திருப்பிக் குத்தி, அதோடு ஆறியிருக்கும். இது தானாக வந்த வார்த்தை. மழை பெய்கிறது என்று சொல்வதைப்போல.

எஸ்தர் போன பிறகு ஆவுடை கதவைச் சாத்தினாள். பட்டியல் நோட்டை எடுத்தாள். அவள் கையெழுத்து குண்டு குண்டாக, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய கையெழுத்து. மூன்று பதிவுக்குப் பிறகு பக்கத்தில் பாதி காலியாக இருந்தது. அதே பேனா. அதே கறுப்பு மை. நான்காவது என்று எண் போட்டு எழுதினாள். தப்பித்துப்போன ஆல்ஃபாவையும் விடவில்லை. எழுதி முடித்து, ஒருமுறை சரிபார்த்தாள்.

திங்கட்கிழமை எஸ்தர் நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தாள். சங்கிலியைத் திரையில் காட்டினாள். இயக்குநர், "ஆவுடையம்மா?" என்றார்.

அவள் எழுந்தாள். "என்னுது."

பட்டியல் நோட்டை நீட்டினாள். நோட்டு கை மாறிக் கை மாறிப் போனது. முதலில் பேசியவன் உணர்கருவிப் பிரிவு தங்கப்பாண்டி. "மேடம், ஒரு ஆல்ஃபா பாதியில தப்பிச்சுப் போற மாதிரி வச்சிருக்கீங்களே! அசல் தோத்துது போங்க." இன்னொருவர், "எல்லாரும் பதின்மூணுன்னு சொல்லும்போது இதை எப்படி யோசிச்சீங்க?" என்றார். ஆளுக்கு ஆள் பேச்சு. இருபத்து நாலு வருஷத்தில் அவளைப் பார்த்து யாரும் கேட்காத கேள்விகள். உடம்பு சூடாகி, காது சிவந்து, அவள் சிரித்தேவிட்டாள்.

எஸ்தர் திரைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். பிறகு கை தட்டினாள். "நல்லா ஏமாத்திட்டட்டி. உன்னால முடியாதுன்னு சொன்னேன்லா? என் வாயில அடிக்கணும்" என்றாள். குரலில் எதுவும் இல்லை.

பருவம் முடிந்தது. செறிவூட்டிய குரோமியம் தீர்ந்தது. முடுக்கியை மருத்துவமனைகளுக்கு ஐசோடோப்பு செய்ய ஒதுக்கிவிட்டார்கள். 'நூற்று இருபது தென்படவில்லை' என்று அறிக்கை போயிற்று. வழக்கம்போலப் பின்னிணைப்பில் நான்கு செருகல்களின் எண்களும் அச்சாயின.

எஸ்தர் பகுப்பாய்வை விட்டுவிட்டாள். கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பிரிவில் ஊழியர்கள் சட்டையில் குத்துகிற பேட்ஜுகளை வாங்கி, அளந்து, திருப்பிக் கொடுக்கிற வேலை. ஏன் என்று கேட்டவர்களிடம், "நிச்சயமா தெரியும்னு நினைச்சேன் பாருங்க, அன்னையோட போச்சு. மீட்டர் காட்டுறதைப் படிக்கது போதும் எனக்கு" என்றாள். ஆவுடை அந்தப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டாள். பேட்ஜை ஆள் மூலம் கொடுத்துவிட்டாள்.

இரண்டு வருஷம் கழித்து, வேறொரு நாட்டுக் குழு நூற்று இருபதைக் கண்டுபிடித்ததாக அறிவித்தது. ஒன்றல்ல, மூன்று சங்கிலி. பன்னிரண்டு புள்ளி ஆறு மூன்று, ஆறு நாலு, ஆறு ஐந்து. ஆயுள் சில மில்லிவினாடி.

இயக்குநர் படியில் இரண்டிரண்டாக ஏறி ஓடிவந்தார். கையில் மின்னஞ்சலின் அச்சுப்படி. "ஏம்மா! படிங்கம்மா இதை!"

அந்தக் குழுவின் தலைவர் எழுதியிருந்தார். உங்கள் அறிக்கையின் பின்னிணைப்பில் நான்காவது செருகலைத் தற்செயலாகப் பார்த்தோம். எங்களுக்கு இரண்டு வருஷம் முன்னாலேயே இந்த அணுவின் ஆற்றலையும் ஆயுளையும் உங்கள் சகா ஒருவர் துல்லியமாகக் கணித்திருக்கிறார். எந்த முறையில் கணக்கிட்டார் என்று தெரிவிக்க முடியுமா? பெயர் சூட்டும் குழுவில் அவரையும் சேர்க்க விரும்புகிறோம்.

அன்றைக்கு கேன்டீனில் எல்லாருக்கும் அல்வா. சென்னையிலிருந்து தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள். "சும்மா ஒரு உத்தேசம்தான்" என்றாள் ஆவுடை. தன்னடக்கம் என்று போட்டார்கள். அவள் படித்த பள்ளிக்கூடத்தில் அவள் படத்தை மாட்டினார்கள்.

பதில் மட்டும் எழுத முடியவில்லை. எந்த முறை?

ஒரு முறையைச் செய்துவிடலாம் என்று உட்கார்ந்தாள். விடை கையில் இருக்கிறது. அதற்கு வந்து சேர்கிற மாதிரி ஒரு வழி போட்டால் போதும். பழைய சூத்திரங்களை எடுத்து இங்கே ஒரு திருத்தம், அங்கே ஒரு திருத்தம். ஆற்றல் சரியாக வந்தால் ஆயுள் கோணிக்கொண்டது. ஆயுளைப் பிடித்தால் நூற்றுப் பதினெட்டு நழுவியது. எட்டாவது நாள் எல்லாம் ஒருவழியாகப் பொருந்தியது. ஏழு பக்கம். சுத்தமாகப் படி எடுத்துப் பைக்குள் வைத்தாள். மறுநாள் காலை எஸ்தரிடமிருந்து ஆள் வந்தது: ஒரு எட்டு வந்துட்டுப் போகச் சொல்லு.

பேட்ஜ் அறையில் தட்டுத் தட்டாக அடுக்கியிருந்தது. எஸ்தர் மெலிந்திருந்தாள். மேசையில் பேட்ஜுகளைத் தள்ளிவிட்டு நோட்டுகள் கிடந்தன, ஐந்தாறு.

"வா, தீர்க்கதரிசி. உட்காரு. மூணு வாரமா எனக்குச் சோறு இறங்கல."

"ஏன், உடம்புக்கு என்ன?"

"பொறாமை." எஸ்தர் அதைப் பட்டென்று சொன்னாள். "சிரிக்காத. நிசமாத்தான் சொல்லுதேன். நாம ஒண்ணாத்தானே வந்தோம்? ஒரே புஸ்தகத்தைத்தானே படிச்சோம்? உனக்கு மட்டும் எப்படிட்டி தெரிஞ்சுது? ராசாத்தி, நானும் போட்டுப் போட்டுப் பாக்கேன், எனக்குப் பதின்மூணுக்குக் கீழ இறங்கவே மாட்டேங்கு. உன் படத்தை டிவியில பாத்தப்போ எந்திரிச்சுப் போய் வாந்தி எடுத்தேன். இப்படி ஒரு குணம் எனக்குள்ள இருக்குன்னே எனக்குத் தெரியாது."

அந்த வார்த்தையை அந்த வாயிலிருந்து கேட்க ஆவுடை இருபத்தாறு வருஷம் காத்திருந்தாள். கேட்டாயிற்று. தித்தித்தது. பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே தித்தித்தது.

"எனக்கு மட்டும் சொல்லு. யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

அந்தத் தித்திப்பில்தான் அவள் பையைத் திறந்தாள். அதுதான் அவள் செய்த தப்பு. ஏழு பக்கத்தையும் எடுத்து நீட்டினாள்.

எஸ்தர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தாள். முதல் பக்கம், இரண்டாம் பக்கம். மூன்றாம் பக்கத்தில் விரல் நின்றது.

"இந்தத் திருத்தம் எங்க இருந்து வந்துச்சு?"

"அது... அனுபவத்துல போட்டது."

விரல் ஐந்தாம் பக்கத்துக்குப் போயிற்று. திரும்ப மூன்றுக்கு வந்தது. பிறகு எஸ்தர் தாள்களைத் தலைகீழாக, கடைசியிலிருந்து முன்னுக்குப் புரட்டினாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"விடையில இருந்து கேள்விக்கு வந்திருக்க."

ஆவுடை தாள்களைத் திரும்ப வாங்கக் கை நீட்டினாள்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னால உனக்கு விடை எப்படித் தெரியும்?" எஸ்தர் கண்ணாடியைக் கழற்றினாள். குரல் மெதுவாக வந்தது. "ஆவுடை. அந்தத் திங்கக்கிழமை நீ என்ன சொன்ன?"

"என்னுதுன்னு சொன்னேன்."

"உன்னுதா?"

வராந்தாவில் யாரோ தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஆவுடை எழுந்து கதவைச் சாத்தினாள்.

"உன்னுது" என்றாள் ஆவுடை. "வியாழக்கிழமை நீ போன பொறவு எழுதிச் சேத்தேன்."

அடிப்பாள் என்று எதிர்பார்த்தாள். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். எஸ்தர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, துடைக்கவில்லை.

"அப்போ என் கண்ணு சரியாத்தான் பாத்திருக்கு" என்றாள். தனக்குத்தானே சொல்வதுபோல இன்னொரு தடவை சொன்னாள். "ஏட்டி, என் கண்ணு சரியாத்தான் பாத்திருக்கு."

"எஸ்தர்..."

"ரெண்டு வருஷமா கேஸ் அடுப்பை அணைச்சேனான்னு மூணு தடவை போய்ப் பாக்கேன். தெருவுல தெரிஞ்ச முகத்தைக் கண்டா, அவங்கதானான்னு கூப்பிடப் பயம். நீ என்னத்தை எடுத்துக்கிட்டேன்னு உனக்குத் தெரியுமாட்டி?"

"தெரியாது" என்றாள் ஆவுடை. உண்மையாகவே தெரிந்திருக்கவில்லை. ஒரு கண்டுபிடிப்பை எடுத்ததாகத்தான் நினைத்திருந்தாள்.

எஸ்தர் முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். ஒரு வெள்ளைத் தாளை ஆவுடையின் முன்னால் தள்ளினாள். "எழுது. அவங்களுக்குப் பதில் எழுது. இங்கயே, என் முன்னால."

"எழுதினாலும் உனக்கு வராதுட்டி. பட்டியல்ல நான் கை வச்சாச்சு. இனிமே அந்தத் தரவை ஒருத்தனும் நம்ப மாட்டான். எது அசல், எது நான் எழுதினதுன்னு என் வாய் வார்த்தைதான் சாட்சி. என் வாய்க்கு என்ன மதிப்பு? என் வேலை போகும். உன் பேரு எங்கயும் வராது. உனக்கு ஒண்ணுமே கிடைக்காது."

"தெரியும். எழுது."

ஆவுடை பேனாவை எடுத்தாள். தேதி போட்டாள். பெறுநர் முகவரியை எழுதினாள். 'ஐயா, நான் எதையும் கணிக்கவில்லை. என் சகா எஸ்தர் அந்த அணுவைக் கண்டார். நான் அதை மறைத்தேன்.' மூன்று வாக்கியம். இத்தனை காலம் எழுதிய எதிலும் இவ்வளவு குறைவாக எழுதியதில்லை. கீழே கையெழுத்துப் போடும்போது, இனி இந்த வளாகத்தில் தனக்கு நாற்காலி இல்லை என்று தெரிந்தது.

நிமிர்ந்து பார்த்தாள். எஸ்தர் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. கடிதத்தையும் பார்க்கவில்லை. எதிரே அவள் ஒருத்தி உட்கார்ந்திருப்பதையே மறந்துவிட்டாள் போலிருந்தது. நோட்டின் பின் அட்டையில் நினைவிலிருந்து அந்தச் சங்கிலியை எழுதி வைத்துக்கொண்டு, ஈரம் காயாத முகத்தோடு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணு மில்லிவினாடி" என்றாள். "அம்மாடி. எவ்வளவு நேரம் நின்னிருக்கு பாரு!"

சிரித்தாள். பெயர் இல்லை, பதவி இல்லை, உலகத்தில் ஒருவரும் அவளை நம்பப்போவதில்லை. ஆனாலும் அந்தச் சிரிப்பு பல்லிலிருந்து கண்வரைக்கும் நிறைந்து கிடந்தது.

ஆவுடை கடிதத்தை மடித்தாள். விளிம்போடு விளிம்பு பொருத்தி, நகத்தால் ஒரு இழுப்பு இழுத்தாள். அப்போதும் அடிவயிற்றில் அது சுருண்டு எழும்பிற்று, கொஞ்சமும் குறையாமல்.